பூட்டிய வீடும் பொதுச் சுகாதாரக் கல்வியும்

(நம் சங்கத்தின் மாதக் கூட்டமொன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



சென்ற மாதம் இம்மேடையில் கம்பனைப் பற்றிப் பேசினார்கள். அதற்கு முந்திய மாதம் இசை விருந்து நடந்தது. அந்த வரிசையில் இன்று ‘பொதுச் சுகாதாரத்தில் பட்டமேற்படிப்பு’ என்னும் தலைப்பு வந்து நிற்பது, பட்டுப் புடவைக் கடையின் முகப்பில் துடைப்பத்தைத் தொங்கவிட்டாற்போல் இருக்கிறது. துணிந்து இத்தலைப்பை அழைப்பிதழில் அச்சிட்ட செயலாளர் அவர்களுக்கு என் நன்றி.

இப்பேச்சு பிறந்த கதையை முதலில் சொல்லிவிடுகிறேன். பொங்கல் விழாவன்று சாப்பாட்டுப் பந்தியில் என் அருகில் அமர்ந்த அன்பர் ஒருவர், இலையில் இருந்த வடையைக்கூடத் தொடாமல், “அம்மா, நீங்கள் ஓர் உதவி செய்ய வேண்டும். என் மகள் எம்.பி.பி.எஸ். முடித்துவிட்டாள். இனி மேற்படிப்பு. குழந்தை மருத்துவமோ, கண் மருத்துவமோ எடு என்றால் கேட்க மறுக்கிறாள். பொதுச் சுகாதாரம் படிக்கப் போகிறாளாம். நீங்களும் அதைத்தானே படித்தீர்கள்! அதில் ஒன்றும் இல்லை என்று நீங்களே அவளிடம் சொல்லிவிட்டால் நம்புவாள்” என்றார்.

‘நீங்களும் அதைத்தானே படித்தீர்கள்’ என்று அவர் சொன்ன குரலில், கடன் கொடுத்து ஏமாந்தவரிடம் அனுபவம் கேட்கும் இரக்கம் இருந்தது. நான் அவர்மேல் வருத்தம் கொள்ளவில்லை. ஏனெனில் அதே சொற்களை அவருக்கும் முன்பே என் தந்தையார் சொல்லியிருக்கிறார். “நாடி பிடிக்காத வைத்தியரை நான் கேள்விப்பட்டதே இல்லை” என்பது அவர் வாக்கு. உறவினர் யாரேனும் என்னைப் பற்றி விசாரித்தால், “மேல்படிப்புப் படிக்கிறாள்” என்பார். என்ன படிப்பு என்பதை மட்டும் சொல்லமாட்டார். அந்த அன்பருக்கு அன்று பந்தியில் என்னால் விடை சொல்ல இயலவில்லை. அவர் அனுமதியோடு இன்று இங்கே சொல்லுகிறேன்.

முதலில் இந்நகரைப் பற்றி. 2001-ஆம் ஆண்டு முதல் கொல்கத்தா என்பதே முறையான பெயர் என்றாலும், நம் வீடுகளில் இன்னும் கல்கத்தாதான். பொதுச் சுகாதாரத்தைக் கற்க விரும்புகிறவனுக்கு இந்நகரைப் போன்ற பாடநூல் வேறு கிடைப்பது அரிது. 1884-ஆம் ஆண்டில் ஜெர்மானிய அறிஞர் ராபர்ட் காக் இங்கே வந்து, மக்கள் குளித்தும் துணி துவைத்தும் குடித்தும் வந்த ஒரு குளத்தின் நீரிலேயே வாந்திபேதிக் கிருமியைக் கண்டார். பத்து ஆண்டுகள் கழித்து, 1894-இல், ஹாஃப்கின் என்பவர் இந்நகரின் பஸ்திகளில் வாந்திபேதிக்குத் தடுப்பூசி போட்டார். ஊசி போட்டதோடு அவர் போய்விடவில்லை. ஒரே பஸ்தியில், ஒரே நீரைக் குடித்தவர்களுள் ஊசி போட்டுக்கொண்டவர் எத்தனை பேர், போட்டுக்கொள்ளாதவர் எத்தனை பேர், அவ்விரு சாராருள்ளும் நோயுற்றவர் எவ்வளவு என்று ஒப்பிட்டுப் பார்த்தார். 1959-இல் இந்நகரிலேயே பணிபுரிந்த சம்புநாத் தே, அக்கிருமி வெளிவிடும் நஞ்சே உடலின் நீரை வற்றச்செய்கிறது என்று நிறுவினார். நாம் அன்றாடம் கடந்து செல்லும் தெருக்களில் இவையெல்லாம் நடந்திருக்கின்றன. நம்மில் பலர்க்கு விக்டோரியா நினைவுமண்டபம் தெரிந்த அளவுக்கு இவை தெரியா.

சித்தரஞ்சன் அவென்யூவில், வெப்பமண்டல நோய் மருத்துவப் பள்ளிக்கு அடுத்தாற்போல் ஒரு கட்டடம் இருக்கிறது. அகில இந்தியச் சுகாதார, பொதுச் சுகாதார நிறுவனம் என்பது அதன் பெயர். 1932-ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்தில், அமெரிக்காவின் ராக்ஃபெல்லர் அறநிறுவனத்தின் பொருளுதவியோடு தொடங்கப்பெற்றது. பொதுச் சுகாதாரத்துக்கென்றே அமைந்த கல்விக்கூடங்களுள் ஆசியாவின் இப்பகுதியில் மூத்தது அதுவே. மருத்துவர்க்கு மட்டுமன்றி, பொறியாளர்க்கும், கால்நடை மருத்துவர்க்கும், உணவியல் கற்றவர்க்கும் உரிய படிப்புகள் அங்கே நடந்து வந்துள்ளன. குடிநீர்க் குழாயைத் திட்டமிடும் பொறியாளனும் நோயைத் தடுப்பவனே என்னும் கருத்து அக்கட்டடத்தில் முன்னரே வேரூன்றிவிட்டது. அதன் மாணவர்கள் நகர்ப்புறப் பயிற்சிக்குச் செல்லும் இடம் செட்லா. நம் லேக் மார்க்கெட்டிலிருந்து நடந்தே போய்விடலாம். கிராமப் பயிற்சிக்கு ஹூக்ளி மாவட்டத்துச் சிங்கூர். சிங்கூர் என்றால் இப்போது மோட்டார்த் தொழிற்சாலைத் தகராறுதான் பலர்க்கும் நினைவுக்கு வரும். அதற்கு வெகு காலத்துக்கு முன்பே சுகாதாரத் துறையினர் நன்கறிந்த ஊர் அது.

இனி, இப்படிப்பில் என்னதான் கற்றுக்கொடுக்கிறார்கள் என்னும் கேள்விக்கு வருவோம். பாடங்களின் பெயர்களை அடுக்கினால் உங்களுக்குத் தூக்கம் வரும்: கொள்ளைநோயியல், உயிர்ப்புள்ளியியல், சுற்றுச்சூழல் சுகாதாரம், நிர்வாகம், சமூகவியல், பிறகு ஓர் ஆய்வேடு. எனக்கும் முதல் மாதத்தில் தூக்கம் வந்தது. நோயாளியின் மார்பில் ஸ்டெதாஸ்கோப் வைத்துப் பழகிய காதுக்கு, திட்ட விலக்கமும் நம்பக இடைவெளியும் என்ன இசையாக இருக்கமுடியும்? ஆனால் இவற்றுக்கெல்லாம் அடியில் ஒரே ஒரு கருத்து ஓடுகிறது. அது பிடிபட்டுவிட்டால் மற்றவை தாமே வந்து சேரும். அதை ஓர் எளிய கணக்கால் விளக்குகிறேன்.

ஒரு தெருவில் நூறு குழந்தைகள் இருப்பதாக வைத்துக்கொள்வோம். அவர்களுள் தொண்ணூறு பேர்க்குத் தட்டம்மை ஊசி போட்டாயிற்று. பத்துப் பேர்க்குப் போடவில்லை. அத்தெருவில் தட்டம்மை வருகிறது. ஊசி போட்டவருள் ஒன்பது பேரும், போடாதவருள் ஆறு பேரும் நோயுறுகின்றனர். பதினைந்து குழந்தைகளும் ஒரே மருத்துவமனைக்கு வருகிறார்கள். அங்கே இருக்கும் மருத்துவர் கேட்டுப் பார்க்கிறார்: பதினைவருள் ஒன்பதின்மர் ஊசி போட்டுக்கொண்டவர்கள்! “ஊசி போட்டவர்க்கே அதிகம் வருகிறது” என்று ஒரு தந்தை சொன்னால், அந்த அறைக்குள் இருந்துகொண்டு அதை மறுப்பது கடினம். ஆனால் தெருவுக்குள் போய் எண்ணிப் பாருங்கள். ஊசி போட்ட தொண்ணூறு பேரில் ஒன்பது என்றால் பத்தில் ஒன்று. போடாத பத்துப் பேரில் ஆறு என்றால் பாதிக்கும் மேல். ஆறு மடங்கு வேறுபாடு!

மருத்துவமனையில் அமர்ந்திருப்பவர்க்குப் பின்னத்தின் மேல் எண் மட்டுமே தெரிகிறது. கீழ் எண் தெருவில் இருக்கிறது. நோயுற்று வந்தவர்களை எல்லா மருத்துவரும் பார்ப்பர். வராதவர்களையும் சேர்த்துப் பார்க்கப் பழகுவதே இப்படிப்பு. வள்ளுவரைச் சொல்லாமல் மேடையை விட்டு இறங்க நம் சங்கத்தில் விடமாட்டீர்கள் ஆதலால் சொல்லுகிறேன்: மருந்து என்னும் அதிகாரத்தில் அவர் நோயாளி, மருத்துவன், மருந்து, உடனிருந்து உதவுவோன் என நான்கினையும் எண்ணுகிறார். அதற்கும் முன்பே, நோய் எது, அதன் காரணம் எது என்று ஆராயச் சொல்லுகிறார். அக்காரணத்தைத் தேடிப் போகிறவர் பல வேளைகளில் மருத்துவமனை வாயிலைத் தாண்டித் தெருவுக்குத்தான் போகவேண்டியிருக்கிறது.

கீழ் எண்ணைத் தேடுவது எளிது என்று நான் நினைத்திருந்தேன். அந்த நினைப்பு உடைந்த நாளைச் சொல்லியே ஆகவேண்டும்.

ஆய்வேட்டுக்காகத் தென் கல்கத்தாவில் ஒரு பஸ்தியில் வீடு வீடாகக் கணக்கெடுத்தேன். குழந்தைகளுக்குத் தடுப்பூசிகள் முறையாகப் போடப்பட்டுள்ளனவா என்பது கேள்வி. காலை பத்து மணிக்குத் தொடங்கி, வெயில் ஏறும்வரை நடப்பேன். பூட்டியிருந்த வீடுகளை ‘ஆள் இல்லை’ என்று குறித்துக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போய்விடுவேன். அப்படிப்பட்ட வீடுகள் நாற்பதுக்கு மேல் இருந்தன. மூன்று வாரம் உழைத்து, அழகாகப் பட்டியல் போட்டு, பத்துக் குழந்தைகளுள் ஏறத்தாழ ஒன்பது பேர்க்கு எல்லா ஊசிகளும் போடப்பட்டுள்ளன என்று எழுதி, ஆசிரியரிடம் நீட்டினேன். பாராட்டுவார் என்று காத்திருந்தேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே ஒரே ஒரு கேள்வி கேட்டார்: “பூட்டியிருந்த வீட்டில் யார் இருக்கிறார்கள்?”

யார் இருக்கிறார்கள்? பகல் பத்து மணிக்கு வீட்டைப் பூட்டிக்கொண்டு போகிறவர் யார்? தாயும் தந்தையும் இருவரும் கூலிக்குப் போகும் வீடு. பெரிய வீடுகளில் பாத்திரம் தேய்க்கப் போகிறவள் தன் கைக்குழந்தையையும் இடுப்பில் எடுத்துக்கொண்டு போன வீடு. பீகாரிலிருந்தும் சுந்தரவனத்திலிருந்தும் சென்ற மாதம்தான் வந்து குடியேறிய வீடு. ஊசி போடும் நாளில் எந்த நேரத்தில் மையம் திறந்திருக்கிறதோ, அந்த நேரத்தில் வீட்டில் இல்லாத வீடுகளும் இவையே. நான் திறந்த கதவுகளை மட்டும் தட்டிவிட்டு, பஸ்தி நலமாக இருக்கிறது என்று சான்று எழுதியிருக்கிறேன்.

அடுத்த வாரம் முழுதும் இரவு எட்டு மணிக்கு மேல் போனேன். சில வீடுகள் அப்போதும் திறக்கவில்லை. திறந்தவற்றில் ஊசி முழுதும் போட்டிருந்த குழந்தைகளைவிடப் போடாத குழந்தைகளே அதிகம். மொத்தக் கணக்கு பத்தில் ஒன்பதிலிருந்து நான்கில் மூன்றாக இறங்கிற்று. எண் இறங்கியது பெரிதன்று. முதல் கணக்கின்படி ஒருவர் அப்பகுதிக்கு ஒரு தாதியைக் குறைத்திருந்தால், அப்பிழை யார் தலையில் விடிந்திருக்கும் என்று எண்ணியபோதுதான் எனக்கு வியர்த்தது. மருத்துவர் ஒருவர் தவறு செய்தால் எதிரே ஒரு முகம் இருக்கும்; அம்முகம் அவரை உறங்கவிடாது. இத்துறையில் தவறு செய்தவர் நன்றாக உறங்கலாம். முகமில்லாத தவறுக்கு அஞ்சக் கற்பதே இப்படிப்பில் கடினமான பாடம் என்பது என் கருத்து. தேர்வில் அதற்கு மதிப்பெண் இல்லை.

பூட்டிய வீட்டின் பெருமையை இந்நாடு முழுதும் உணர்ந்த கதை ஒன்று உண்டு. அது முடிந்த இடம் நமக்கு மிக அருகில், ஆற்றுக்கு அக்கரையில், ஹவுரா மாவட்டத்தில்.

இளம்பிள்ளை வாதத்தை ஒழிக்க 1995-ஆம் ஆண்டு முதல் நாடெங்கும் குறித்த நாட்களில் சொட்டுமருந்து கொடுக்கப்பட்டு வந்தது. வீட்டுச் சுவரில் சுண்ணக்கட்டியால் ஆங்கில எழுத்தொன்று எழுதிவிட்டுப் போவார்களே, நினைவிருக்கிறதா? எல்லாக் குழந்தைகளுக்கும் கொடுத்தாயிற்று என்றால் ‘பி’. ஒரு குழந்தையேனும் விடுபட்டிருந்தால், வீடு பூட்டியிருந்தால், வேண்டாம் என்று மறுத்திருந்தால் ‘எக்ஸ்’. நம்மில் சிலர் புதிதாக வெள்ளையடித்த சுவரில் இப்படி எழுதிவிட்டார்களே என்று சண்டைக்கும் போயிருக்கிறோம்! அந்த ‘எக்ஸ்’ வீடுகளுக்குத்தான் மறுபடியும் மறுபடியும் ஆள் போயிற்று. இரயில் நிலையங்களிலும் பேருந்து நிறுத்தங்களிலும் செங்கற் சூளைகளிலும் குழந்தைகளைத் தேடினார்கள். 2009-இல் நாட்டில் 741 குழந்தைகள் இந்நோயால் தாக்குண்டனர். 2010-இல் 42. 2011-இல் ஒன்றே ஒன்று. அவ்வாண்டு ஜனவரி 13-ஆம் நாள் ஹவுரா மாவட்டத்தில் ஒரு சிறுமிக்குக் கால் தளர்ந்தது. அதன்பின் இந்நாட்டில் இயற்கையான அக்கிருமியால் எந்தக் குழந்தையும் தாக்குறவில்லை. 2014-ஆம் ஆண்டு மார்ச்சு 27-ஆம் நாள் உலகச் சுகாதார நிறுவனம் நம் நாடு உள்ளிட்ட தென்கிழக்கு ஆசியப் பகுதிக்கு இந்நோய் அகன்றதெனச் சான்றிதழ் அளித்தது.

நோய் இல்லை என்பதை எப்படி அறிந்தார்கள்? ‘எவரும் வந்து சொல்லவில்லை, ஆகவே இல்லை’ என்று முடிவுகட்டலாமா? இங்கேதான் இக்கல்வியின் நுட்பம் விளங்கும். பதினைந்து வயதுக்குட்பட்ட எந்தக் குழந்தைக்கும், எக்காரணத்தாலாயினும் கைகால் திடீரெனத் தளர்ந்தால், அதை அறிவிக்க வேண்டும். இரண்டு முறை மலத்தை எடுத்துக் குளிர்ச்சி கெடாமல் ஆய்வுக்கூடத்துக்கு அனுப்ப வேண்டும். இளம்பிள்ளை வாதம் அல்லாத வேறு காரணங்களாலும் ஆண்டுதோறும் ஒரு சில குழந்தைகளுக்கு இவ்வாறு நேர்வது இயற்கை. ஆகவே ஒரு மாவட்டத்திலிருந்து அத்தகைய செய்தி ஒன்றுமே வரவில்லை என்றால், அம்மாவட்டம் நலமாக இருக்கிறது என்று மகிழமாட்டார்கள். அங்கே தேடுகிறவர்கள் உறங்குகிறார்கள் என்று ஆள் அனுப்புவார்கள். தேடியும் காணாதபோதே ‘இல்லை’ என்னும் சொல்லுக்குப் பொருள் உண்டு. தேடாமல் சொன்ன ‘இல்லை’ என் முதல் கணக்கைப் போன்றது.

எண்ணிக்கையோடு இத்துறை நின்றுவிடுகிறதா என்று கேட்பீர்கள். இல்லை என்பதற்கு மீண்டும் இம்மண்ணிலிருந்தே ஒரு சான்று தருகிறேன். 1971-இல் வங்காளதேச விடுதலைப் போரின்போது எல்லையைக் கடந்து இலட்சக்கணக்கான மக்கள் இங்கே வந்து குவிந்தனர். எல்லையோர ஊராகிய பொங்காவில் அகதிகளிடையே வாந்திபேதி பரவிற்று. நோயுற்றவர்கள் மருத்துவமனைத் தரையெங்கும் கிடந்தனர். நரம்பு வழியே ஏற்றும் உப்புநீர் தீர்ந்துகொண்டே வந்தது. அங்கே பணிசெய்த குழந்தை மருத்துவர் திலீப் மஹலானபீஸ் ஒரு முடிவுக்கு வந்தார். ஒரு லிட்டர் நீருக்கு 22 கிராம் குளுக்கோஸ், 3.5 கிராம் சமையல் உப்பு, 2.5 கிராம் ஆப்பச் சோடா. இவற்றைக் கலந்து பீப்பாய்களில் நிரப்பிவைத்து, நோயாளியின் தாயோ தமக்கையோ முகந்து முகந்து புகட்டுமாறு செய்தார். சர்க்கரையின் துணையிருந்தால் நோயுற்ற குடலும் உப்பையும் நீரையும் உள்ளே ஏற்கும் என்பது அதற்கு முந்திய ஆண்டுகளிலேயே அறிவியலார் கண்டிருந்த உண்மை. ஆயினும் மருத்துவர் கையிலிருந்த மருந்தைத் தாய் கையில் கொடுக்கத் துணிவு வேண்டியிருந்தது. நூற்றுக்கு முப்பது வரை இருந்த சாவு நான்குக்கும் கீழே இறங்கிற்று. அந்த நெருக்கடியிலும் அவர் கணக்கு வைத்திருந்தார். அதனாலேயே பின்னர் உலகம் நம்பிற்று. அவர் 2022-இல் இந்நகரில் காலமானார். மறு ஆண்டு, மறைவுக்குப் பின்னர், அவருக்குப் பத்மவிபூஷண் விருது வழங்கப்பெற்றது.

இந்த வரலாற்றை ஒரு விடுமுறையில் என் தந்தையாரிடம் சொல்லிக்கொண்டிருந்தேன். செய்தித்தாளை மடித்து வைத்துவிட்டுக் கேட்டார். பிறகு, “எனக்கு ஒரு அக்கா இருந்தாள்” என்றார். அதுவரை அப்படியொருவர் இருந்ததாக நான் அறியேன். காவிரிக்கரையில் எங்கள் ஊரில், அவருக்கு ஆறு வயது இருக்கும்போது, ஒரே இரவில் வாந்திபேதியில் போய்விட்டாளாம். தண்ணீர், தண்ணீர் என்று கேட்டாளாம். தண்ணீர் கொடுத்தால் பேதி அதிகமாகும் என்று பெரியவர்கள் கொடுக்கவில்லையாம். “வீட்டில் உப்பும் இருந்தது, வெல்லமும் இருந்தது” என்றார். அதற்குமேல் அவர் பேசவில்லை; நானும் கேட்கவில்லை. அதன்பின் உறவினர்கள் கேட்டால் என் படிப்பின் பெயரைச் சொல்ல ஆரம்பித்தார். தவறாகத்தான் சொல்லுவார், ‘சுகாதார எஞ்சினீயரிங்’ என்பார். நான் திருத்தவில்லை.

இவ்வளவும் கேட்டபின் அந்த அன்பர், “எல்லாம் சரி, வேலை?” என்பார். நியாயமான கேள்வி. இதில் நான் ஒளிக்கப் போவதில்லை. இப்படிப்பு நோயாளிக்கு மருந்து எழுதும் உரிமையைத் தருவதில்லை. மருத்துவராக இருந்து படிப்பவர்க்கு அவ்வுரிமை முன்னரே உண்டு, அவ்வளவுதான். எம்.பி.பி.எஸ். முடித்தவர்க்குச் சமூக மருத்துவத்தில் எம்.டி. என்னும் மூன்றாண்டுப் படிப்பும், டி.பி.எச். என்னும் பட்டயமும் உண்டு. எம்.பி.எச். என்னும் முதுநிலைப் பட்டம் பெரும்பாலும் இரண்டு ஆண்டு; அதைப் பல இடங்களில் மருத்துவம் படியாத பட்டதாரிகளும் படிக்கலாம். திருவனந்தபுரத்தில் ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிறுவனத்தின் அச்சுத மேனன் மையம் 1997-இலேயே அதைத் தொடங்கிற்று. சென்னையில் தேசியத் தொற்றுநோயியல் நிறுவனமும், வேலூரில் கிறித்தவ மருத்துவக் கல்லூரியும், மும்பையில் டாடா சமூகவியல் நிறுவனமும் இக்கல்வியைத் தந்து வருகின்றன. நுழைவுமுறை இடத்துக்கு இடம் வேறுபடும், விசாரித்து அறிக.

பட்டம் பெற்றபின் அரசுப் பணியில் மேல்நிலைப் பதவிகள் பலவும் மருத்துவர்க்கே ஒதுக்கப்பட்டிருக்கின்றன. மற்றவர்க்குக் கிடைப்பது பெரும்பாலும் ஒப்பந்த வேலை. திட்டம் முடிந்தால் வேலையும் முடியும். 2020-இல் பெருந்தொற்று வந்தபோது நாடே இத்துறையினரைத் தேடிற்று. தொற்று ஓய்ந்ததும் அத்தேடலும் ஓய்ந்தது. கல்லூரிகளோ பெருகிவிட்டன. கள ஊர் ஒன்றுகூட இல்லாமல் வகுப்பறையிலேயே இரண்டாண்டையும் முடித்துப் பட்டம் தரும் இடங்களும் உண்டு. ஆகவே சேருமுன் கட்டடத்தைப் பார்க்காதீர்கள்; ‘உங்கள் மாணவர் எந்தத் தெருவுக்குப் போகிறார்கள்?’ என்று கேளுங்கள். விடை தடுமாறினால் திரும்பி வந்துவிடுங்கள்.

இவ்விடத்தில் நம் தாயகத்தைப் பற்றி ஒரு சொல். 1939-ஆம் ஆண்டிலேயே சென்னை மாகாணத்தில் பொதுச் சுகாதாரத்துக்கெனத் தனிச்சட்டம் இயற்றப்பெற்றது. இந்நாட்டில் இவ்வகைச் சட்டங்களுக்கு அதுவே முன்னோடி. சிகிச்சைத் துறை வேறு, பொதுச் சுகாதாரத் துறை வேறு என்று பிரித்து, பின்னதற்குத் தனி இயக்ககமும், அதற்கென்றே பயின்ற அலுவலர் வரிசையும் தமிழ்நாட்டில் உண்டு. 2017-ஆம் ஆண்டின் தேசியச் சுகாதாரக் கொள்கை எல்லா மாநிலங்களும் இத்தகைய வரிசையை அமைக்க வேண்டும் என்று பரிந்துரைத்தது. வெளிமாநிலத்தில் வாழும் நாம் எதற்கெடுத்தாலும் ஊர்ப் பெருமை பேசுகிறோம் என்று நம் வங்க நண்பர்கள் சிரிப்பதுண்டு. இதைச் சொல்லிப் பெருமைப்பட்டால் சிரிக்கமாட்டார்கள்.

மேலும் ஒன்று. வெளியூர் வந்து வாழ்கிறவர்க்கு இத்துறையில் ஒரு தகுதி இயல்பாகவே அமைந்துவிடுகிறது. எந்தப் பட்டியலிலும் பெயரில்லாமல் இருப்பது எப்படியிருக்கும் என்பது நம் குடும்பங்களுக்குத் தெரியும். வாடகை வீட்டு முகவரியில் ரேஷன் அட்டை வாங்க அலைந்த கதை இங்கே எத்தனை பேரிடம் இல்லை? பாஷை தெரியாத தாய் மருத்துவமனை வரிசையில் நின்று திரும்பிவந்த கதை? செங்கற் சூளைக்கு வந்த குடும்பத்தைத் தேடிப் போகும்போது அந்நினைவு உதவும். வங்காளமும் இந்தியும் தமிழும் பேசத் தெரிந்த பிள்ளை, மூன்று வகைக் கதவுகளைத் தட்டலாம்.

அந்த அன்பரின் மகளிடம் நான் அறிவுரை ஒன்றும் சொல்லவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, “என்னோடு வா” என்று நான் முன்பு கணக்கெடுத்த அதே பஸ்திக்கு அழைத்துப் போனேன். குடிசைகள் பல இப்போது மாடி வீடுகளாகிவிட்டன. குழாய்கள் வந்திருக்கின்றன. தெருவில் ஒரு குழந்தைக்கு இரண்டு நாளாகப் பேதி என்றார்கள். அவள் தாழ்வாரத்தில் குந்தி அமர்ந்து, உப்புச் சர்க்கரைப் பொட்டலத்தைக் கரைப்பது எப்படி என்று அத்தாய்க்கு வங்காளத்தில் சொல்லிக்கொடுத்தாள். அவள் வங்காளம் என்னுடையதைவிட நன்றாக இருந்தது. பிறகு அடுத்த வீடு, அதற்கடுத்த வீடு என்று, அக்கம்பக்கத்தில் வேறு யார்க்கேனும் இருக்கிறதா என்று, நான் சொல்லாமலே விசாரித்துக்கொண்டு போனாள். நான்காவது வீடு பூட்டியிருந்தது.

அவள் பூட்டையே சிறிது நேரம் பார்த்தாள். எதிர்வீட்டுக் கிழவியிடம், “இவர்கள் எப்போது வருவார்கள், தீதிமா?” என்று கேட்டாள். ஞாயிற்றுக்கிழமையும் வேலைதான், இரவு எட்டு மணிக்குமேல்தான் வருவார்கள் என்றாள் கிழவி. இவள் என் பக்கம் திரும்பி, “மாமி, எட்டு மணிக்கு மேலே காளிகாட்டிலிருந்து மெட்ரோ இருக்குமில்லையா?” என்றாள். இருக்கும் என்றேன்.

அவள் விண்ணப்பத்தை நிரப்பி வைத்திருக்கிறாள், இன்னும் அனுப்பவில்லை. தந்தையின் ஒப்புதலுக்குக் காத்திருக்கிறாள். அவர் இன்று மூன்றாம் வரிசையில் அமர்ந்திருக்கிறார். பேச்சு முடிந்தபின் கேள்விகள் கேட்கலாம் என்று தலைவர் அவர்கள் முன்னரே அறிவித்தார்கள். முதற் கேள்வியை அவருக்கு ஒதுக்கித்தருமாறு தலைவரை வேண்டிக்கொண்டு அமர்கிறேன்.